பழைய செட்டுக்குப் புதிய பவர் இணைப்பு

கொல்லிமலையில் ஆடி பிறந்துவிட்டால் ஆம்ப்ளிஃபயருக்கு ஓய்வு கிடையாது. செம்மேட்டில் வல்வில் ஓரி விழா, பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயிலில் ஆடிப் பதினெட்டுக் கூட்டம் என்று பந்தக்கால் நட்ட இடமெல்லாம் மைக்செட் வந்து இறங்கும். அந்தக் கருவிகளில் முப்பது, நாற்பது வருடம் உழைத்தவையும் உண்டு. பரணில் துணி மூடிக் கிடக்கும் வால்வு ரேடியோ அவற்றுக்கும் மூத்தது. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலியைக் கேட்க ஆசைப்பட்ட தலைமுறையின் சொத்து அது. இந்தச் செட்டுகள் பலவற்றில் வால்வும் மின்மாற்றியும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது சுவரோடு சேர்க்கும் இணைப்புதான். செட்டின் முதுகில் இருக்கும் பின்னுக்குப் பொருந்தும் வடம் எப்போதோ தொலைந்திருக்கும். கடையில் கேட்டால் அந்த மாதிரி நின்றுபோய்ப் பல வருடம் ஆயிற்று என்பார்கள். அதன்பின் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வயரின் முனையை உரித்து சாக்கெட் துளையில் செருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சியை வைத்து இறுக்கிவிடுவார்கள்.

வழக்கொழிந்த பவர் இணைப்பை மாற்றித்தான் ஆகவேண்டும் என்பதும், மாற்றும்போது அது சுமந்துகொண்டிருந்த செய்திகளைத் தொலைத்துவிடக் கூடாது என்பதும்தான் இந்த அத்தியாயத்தின் வாதம். பிளக்கும் சாக்கெட்டும் பார்வைக்கு வெறும் பித்தளையும் பேக்லைட்டுமாகத் தெரியும். ஆனால் அவற்றின் வடிவத்திலேயே மூன்று செய்திகள் பொதிந்திருக்கின்றன: இந்தக் கருவிக்கு எத்தனை வோல்ட், இதற்கு எர்த் உண்டா இல்லையா, பேஸ் எந்தப் பக்கம் போகவேண்டும். வடிவத்தை மாற்றிவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிட்டால் செட்டு எரியலாம், தொட்டவர் சாகலாம். ஆகவே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன் பழைய இணைப்பு என்ன சொல்கிறது என்று படிக்கவேண்டும்.

வடிவம் சொல்லும் செய்தி

முதலில் வோல்ட். நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 சைக்கிள். ஜப்பானில் விற்பதற்கென்று செய்த டேப் ரெக்கார்டருக்கு 100 வோல்ட் போதும். அமெரிக்கச் செட்டுக்கு 117 அல்லது 120. இவற்றின் பிளக்கில் இரண்டு தட்டைப் பின்கள் இருக்கும். அந்தத் தட்டைப் பின் நம் உருண்டைத் துளையில் நுழையாது, அந்த நுழையாமைதான் செட்டுக்குக் காவல். பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் பிளக்கைக் கட்டிய கணமே காவல் போய்விடுகிறது. 100 வோல்ட் மின்மாற்றி 230 வோல்ட்டில் புகைந்து அடங்கச் சில நிமிடம் போதும். எனவே செட்டின் முதுகில் ஒட்டிய தகட்டை முதலில் படியுங்கள். ஐரோப்பிய முறையில் செய்த பல ரேடியோக்களில் 110, 127, 220, 245 என்று வோல்ட் மாற்றும் திருகு இருக்கும். அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 220, 245 இரண்டும் இருந்தால் உயர்ந்ததிலேயே வைப்பது நல்லது. ஓசை சற்றுக் குறையலாம், ஆனால் வால்வும் மின்மாற்றியும் நீடிக்கும். நெடுந்தூரக் கம்பியின் கடைசியில் இருக்கும் மலையூரில் மாலையில் வோல்ட் இறங்குகிறதே என்று 220-ல் வைத்தால், ஊர் அடங்கிய இரவில் அது ஏறும்போது தாங்கவேண்டியது செட்டுதான்.

அடுத்தது எர்த். நம் மூன்று பின் பிளக், பிரிட்டனில் 1934-ல் வந்த பி.எஸ். 546 தர அளவிலிருந்து பிறந்தது, இன்று ஐ.எஸ். 1293 என்ற இந்தியத் தர அளவு அதை ஆள்கிறது. சிறிய பிளக்கில் பேஸ், நியூட்ரல் பின்கள் சுமார் 5 மி.மீ. பருமன், இடைவெளி 19 மி.மீ. எர்த் பின் 7 மி.மீ. பருமனுள்ளது, மற்ற இரண்டையும்விட நீளமானது. செருகும்போது எர்த் முதலில் தொடவேண்டும், உருவும்போது கடைசியில் விலகவேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். இரண்டு பின் மட்டுமே உள்ள பழைய இணைப்பில் இந்தக் காவல் இல்லை. பல்பு ஹோல்டரில் மாட்டி ரேடியோவுக்குக் கரண்ட் எடுத்த காலமும் ஒன்று இருந்தது. அந்த ஹோல்டர் பிளக்கிலும் எர்த் கிடையாது.

மூன்றாவது, பேஸ் எந்தப் பக்கம் என்பது. இரண்டு பின் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் செட்டு பாடும், அதனால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஃபியூஸும் சுவிட்சும் ஒற்றை வயரில்தான் பல செட்டுகளில் இருக்கின்றன. பிளக் திரும்பிப்போனால் அவை நியூட்ரலில் உட்கார்ந்துவிடும். சுவிட்சை அணைத்தால் ஓசை நிற்கும், உள்ளே மின்மாற்றி வரைக்கும் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். மூன்று பின் பிளக் திரும்பாது, ஆகவே பேஸ் இடம் மாறாது. அதன் மூடியைத் திறந்து எர்த் முனை மேலே இருக்க, வயர் கட்டும் பக்கத்திலிருந்து பார்த்தால் வலப்புறம் பேஸ், இடப்புறம் நியூட்ரல்.

வயரின் நிறத்தை நம்பி இதை முடிவு செய்யாதீர்கள். பழைய இந்திய வடத்தில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இன்றைய வடத்தில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். அமெரிக்கச் செட்டில் கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். பழைய ஜெர்மன் செட்டுகளிலோ சிவப்பு வயரே எர்த். அதைப் பேஸ் என்று நினைத்துக் கட்டினால் உலோக உடம்பு முழுவதிலும் 230 வோல்ட் ஏறும். ஒவ்வொரு வயரையும் அது போய்ச்சேரும் இடம் வரை மல்டிமீட்டரால் தொடர்ந்து பார்த்து உறுதி செய்வதுதான் வழி.

சேஸியில் கரண்ட் உண்டா?

எல்லாப் பழைய செட்டுக்கும் மூன்றாவது வயரைக் கட்டி எர்த் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மையான இந்தப் பேச்சு, மீதிப் பாதியில் ஆபத்தானது. ஏ.சி.யிலும் டி.சி.யிலும் ஓடும்படி செய்த ரேடியோக்களில் மின்மாற்றியே கிடையாது. மெயின்ஸின் ஒரு வயர் நேராகச் சேஸியில், அதாவது செட்டின் உள் உலோகச் சட்டத்தில், ஈயம் வைத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்தச் சேஸியில் எர்த்தைக் கட்டினால், பேஸ் அந்தப் பக்கம் வரும் நேரத்தில் நேரடி ஷார்ட் ஆகும்.

எந்த இனம் என்று அறிய வால்வின் பெயரே முதல் துப்பு. ஐரோப்பியப் பெயர்முறையில் முதல் எழுத்து வால்வு இழையின், அதாவது ஃபிலமென்ட்டின், மின்தேவையைச் சொல்லும். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகளிலும் இந்தப் பெயர்களைக் காணலாம். 'ஈ'யில் தொடங்கும் ஈ.சி.எச். 81, ஈ.எல். 84 போன்றவை 6.3 வோல்ட் இழை கொண்டவை. அவை இருந்தால் பெரும்பாலும் மின்மாற்றி உண்டு. 'யூ'வில் தொடங்கும் யூ.சி.எச். 81, யூ.எல். 84, யூ.ஒய். 85 போன்றவை 100 மில்லி ஆம்பியரில் வரிசையாகக் கோத்தவை. அங்கே சேஸியில் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளவேண்டும். 'டி'யில் தொடங்கினால் பேட்டரி செட்டு. அமெரிக்கப் பெயரில் 35, 50 என்று பெரிய எண்ணில் தொடங்கும் வால்வுகள் வரிசை இணைப்பைக் காட்டும்.

துப்பு கிடைத்தாலும் அளந்து பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. மின்மாற்றி கண்ணில் பட்டதால் சேஸி தனித்து நிற்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. சில செட்டுகளில் இருப்பது ஒற்றைச் சுருள் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அது வோல்ட்டை மாற்றும், மெயின்ஸிலிருந்து பிரிக்காது. செட்டைச் சுவரிலிருந்து முழுவதும் கழற்றி, அதன் சுவிட்சைப் போட்டு, மல்டிமீட்டரை உயர்ந்த ஓம் அளவில் வையுங்கள். ஒரு முனையைச் சேஸியின் சுரண்டிய உலோகத்திலும் மறு முனையைப் பவர் பின்கள் ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு பின்னிலும் அசைவே இல்லையென்றால் சேஸி தனித்து நிற்கிறது, எர்த் கொடுக்கலாம். ஏதாவது ஒன்றில் சில ஓம், சில நூறு ஓம் காட்டினால் அது கரண்ட் ஏறும் சேஸி. டெஸ்டரின் சிறு விளக்கை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது, மிகச் சிறிய கசிவுக்கும் அது எரியும்.

எதைப் பொருத்துவது

சேஸி தனித்து நிற்கும் செட்டுக்கு என் பரிந்துரை, கம்ப்யூட்டர் பவர் கார்டு பொருந்தும் இன்லெட். ஐ.இ.சி. 60320 என்ற உலகத் தர அளவில் இதற்கு சி 14 என்று பெயர். அதில் மாட்டும் வடத்தின் முனை சி 13. அந்தத் தர அளவு 1970-ல் முதலில் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய வடிவத்தில் செய்தது. பிரிட்டிஷ் ஆம்ப்ளிஃபயர்களில் பல்ஜின் கம்பெனியின் உருண்டை இணைப்பு, 1960-களின் ஹியூலெட் பேக்கார்ட் அளவைக் கருவிகளில் நீள்வட்ட வாய், இஸ்திரிப் பெட்டிக்குப் போடும் பீங்கான் முனை என்று அந்தக் காலத்து முதுகுகள் பலவிதம். சி 14 இன்லெட் 10 ஆம்பியர் தாங்கும். ஐம்பது, அறுபது வாட் ரேடியோ 230 வோல்ட்டில் இழுப்பது கால் ஆம்பியர்தான். ஆகவே தாங்குமா என்ற கேள்வியே எழாது.

இதைவிடப் பலமான காரணம் மலையில்தான் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து வந்தால் 70 கொண்டை ஊசி வளைவு ஏறியபின்தான் செம்மேடு. விழாவுக்கு முந்தின இரவு வடம் கெட்டால் சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோ இறங்கி ஏறக் கடைசி பஸ் இருக்காது. இந்த நிலையில் நல்ல இணைப்பு என்பது, அதன் வடம் பக்கத்து வீட்டில், பள்ளிக்கூடத்தில், அலுவலகத்தில் இரவல் கிடைக்கும் இணைப்பு. கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் எல்லாம் சி 13 வடம் இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் தேடி அலைந்து பழைய பல்ஜின் வடம் ஒன்றை வாங்கிவிட்டாலும், அது ஒன்றே ஒன்றுதான். அதுவும் போனால் மறுபடி தீக்குச்சிதான்.

மாற்றும் பிளக் ஒன்று, அதாவது அடாப்டர், போதாதா என்று கேட்கலாம். செலவும் குறைவு, செட்டைத் திறக்கவும் வேண்டாம். ஆனால் அடாப்டர் வடிவத்தை மட்டும் மாற்றும். எர்த்தும் பேஸின் பக்கமும் அதனால் வந்துவிடாது. பிடிப்பும் சரியிருக்காது. ஐரோப்பிய இரண்டு பின் பிளக்கின் பின் 4 மி.மீ.; 5 மி.மீ. பின்னுக்கென்று செய்த நம் சாக்கெட்டில் அது ஆடும். மலைப்பனியில் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். ஆடும் பின்னும் களிம்பும் சேர்ந்தால் தொடுமிடத்தில் தடை கூடும். அரை ஓம் தடை ரேடியோவின் கால் ஆம்பியரில் ஒன்றும் செய்யாது, கரகரவென்று இரைச்சல் தரும், அவ்வளவுதான். அதே அடாப்டரில் நாளை 5 ஆம்பியர் இழுக்கும் ஒன்றை மாட்டினால் அந்த ஓர் இடத்தில் பன்னிரண்டரை வாட் வெப்பம் பிறக்கும், பிளாஸ்டிக் இளகும். வடிவம் பொருந்திவிட்டதால் எல்லாம் சரி என்ற நம்பிக்கையைக் கொடுப்பதே அடாப்டரின் பெரிய தீமை.

கரண்ட் ஏறும் சேஸிக்கு வழி வேறு. அதற்கு 230-க்கு 230 வோல்ட் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், 100 வி.ஏ. அளவில் ஒன்று வாங்கி, செட்டை அதன் வழியாகவே ஓட்டுவதுதான் முழுப் பாதுகாப்பு. அதோடு இன்லெட்டும் மாற்றவேண்டுமானால் சி 18 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அதில் எர்த் பின் கிடையாது, ஆனால் வடம் திரும்பிப் பொருந்தாது, கம்ப்யூட்டர் கார்டும் அதில் மாட்டும். சேஸியோடு சேர்ந்த வயரை நியூட்ரல் முனையில் கட்டுங்கள். கேசட் பிளேயரில் வரும் எட்டு வடிவ இன்லெட் வேண்டாம். அது இரண்டு பக்கமும் திரும்பும். குமிழின் சிறு திருகு, பின் அட்டையின் துளை என்று சேஸி வெளியே தெரியும் இடம் எதுவும் மீதி இருக்கக் கூடாது. மரப்பெட்டி இருப்பதால் பாதுகாப்பு என்று எண்ணவேண்டாம், குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே போதும். சில ரேடியோக்களில் பின் அட்டையைக் கழற்றினால் வடமும் கூடவே கழன்றுவரும். அது வேண்டுமென்றே செய்த பூட்டு. அந்த வகையில் இன்லெட்டை அட்டையிலிருந்து சேஸிக்கு நகர்த்தினால் பூட்டை உடைத்ததாகும்; புதியதையும் அட்டையிலேயே வையுங்கள்.

செய்யும் முறை

செட்டைக் கழற்றியபின் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு பெரிய கெப்பாசிட்டரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளந்து, மிச்சமிருந்தால் ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்குங்கள். வால்வு செட்டில் அங்கே 250 வோல்ட் தங்கியிருக்கலாம். பழைய இன்லெட்டை நான்கு பக்கமும் படம் எடுத்து, எந்த வயர் எந்த முனையில் என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். அதன்பின் துளையை அளவெடுங்கள். சி 14 இன்லெட்டின் திருகுத் துளைகளுக்கு இடையே 40 மி.மீ. தூரம். பழைய துளை பெரிதாக இருந்தால், ஒன்றரை மி.மீ. அலுமினியத் தகட்டில் புதிய இன்லெட்டைப் பொருத்தி, அந்தத் தகட்டைப் பழைய திருகுத் துளைகளிலேயே மாட்டலாம். செட்டின் உடம்பில் ஒரு கீறல்கூட விழாது. பழைய துளை சிறிதாக இருந்தால் அரத்தை எடுக்கவேண்டாம். துளையில் ரப்பர் கிரமெட் வைத்து மூன்று வயர் வடத்தை உள்ளே கொண்டுபோய், உட்புறத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இழுத்தால் கிளாம்ப் தாங்கவேண்டும், ஈயம் தாங்கக் கூடாது. வெறும் முடிச்சுப் போட்டு விடுவது கிளாம்ப் ஆகாது. ஒரு சாண் வடத்தை மட்டும் வெளியே விட்டு அதன் நுனியில் ஆண் முனையைக் கட்டினால், கம்ப்யூட்டர் கார்டு மாட்டும் வசதியும் கிடைக்கும். சேஸியை வெட்ட நேர்ந்தால், இரும்புத் தூள் ஒரு துணுக்குகூட உள்ளே தங்காதபடி துணி கட்டி, காந்தத்தால் எடுத்துவிடுங்கள்.

வடம் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 0.75 சதுர மி.மீ. மூன்று வயராக இருக்கட்டும். எர்த் வயரைச் சேஸியில் தனித் திருகில் கட்டுங்கள். வேறு எதையும் பிடிக்காத திருகாக அது இருக்கவேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கி, அந்த வயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். வடத்தை யாராவது பிடுங்கி இழுத்தாலும் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்கவேண்டும், பிளக்கின் நீளப் பின்னுக்குச் சொன்ன அதே காரணம்தான். பேஸ் முதலில் ஃபியூஸுக்கும் அங்கிருந்து சுவிட்சுக்கும் போகட்டும். கால் ஆம்பியர் இழுக்கும் ரேடியோவுக்கு அரை ஆம்பியர் மெதுவாக உருகும் ஃபியூஸ் போதும். பத்து ஆம்பியர் இன்லெட் என்பதற்காகப் பத்து ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் செட்டு எரிந்து முடிந்தபிறகும் ஃபியூஸ் நிற்கும்.

இணைப்பை மாற்றும்போது கூடவே மாற்றவேண்டியது ஒன்று உண்டு. மெயின்ஸ் வயரிலிருந்து சேஸிக்கு இரைச்சல் தடுக்க ஒரு பேப்பர் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். 0.01 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் நல்ல நிலையிலேயே 230 வோல்ட்டில் ஏறத்தாழ 0.7 மில்லி ஆம்பியர் விடும். ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் சுரீர் என்பது பெரும்பாலும் இதனால்தான். ஈரம் ஏறிக் கெட்டபின் அது எவ்வளவு விடும் என்பதற்கு வரம்பில்லை. ஒய் 2 வகைக் கெப்பாசிட்டரை அந்த இடத்தில் போடுங்கள். அது கெட்டாலும் ஷார்ட் ஆகாதபடி செய்யப்பட்டது. எல்லாம் முடிந்தபின் செட்டை நேராகச் சுவரில் மாட்டாமல், 60 வாட் குண்டு பல்பை வரிசையில் வைத்த சீரிஸ் போர்டு வழியாகப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நலம். பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். பல்புதான் செட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

எர்த் இல்லாத வீட்டில்

மலையில் வலுவாக எழும் ஆட்சேபம் இது. கீழே பாறை, எர்த் பள்ளம் தோண்ட இரண்டரை மீட்டர் மண் கிடைப்பதே அரிது. கரியும் உப்பும் போட்டாலும் கோடையில் காய்ந்துவிடும். சுவரில் எர்த்தே இல்லாதபோது செட்டில் மட்டும் எர்த் வைத்து என்ன பயன்? இதற்குப் பதிலைக் கணக்கிலிருந்தே எடுக்கலாம். எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் சேஸியைத் தொட்டால் 230-ஐ 50-ஆல் வகுத்து 4.6 ஆம்பியர் ஓடும். 5 ஆம்பியர் ஃபியூஸ் போகாது, சேஸியில் கரண்ட் நிற்கும். ஆட்சேபிப்பவர் சொல்வது இதுவரை சரி. ஆனால் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் ஒன்று இருந்தால் கதை மாறிவிடுகிறது. 500 ஓம் என்ற மோசமான எர்த்திலும் 460 மில்லி ஆம்பியர் ஓடும். பிரேக்கருக்கு வேண்டியதைப்போல் பதினைந்து மடங்கு. யாரும் தொடும் முன்பே கரண்ட் நின்றுவிடும். செட்டில் எர்த் வயர் இல்லாவிட்டால் பிரேக்கர் காத்திருக்கும், ஒரு மனித உடம்பு அந்த வழியைத் திறந்துவிடும் வரைக்கும். பந்தலில் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று உதட்டருகே இரும்பு மைக்கைப் பிடித்திருப்பவரின் உடம்பாக அது இருக்கலாம். ஆகவே பாறை நிலத்தில் எர்த் வீண் என்ற முடிவு தவறு. எர்த்தும் கசிவு பிரேக்கரும் சேர்ந்தே வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு காட்டுவது.

எர்த் இல்லாத சாக்கெட்டில் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை எங்கே கண்டாலும் வெட்டிவிடுங்கள். காற்றில் மரக்கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால், வீட்டில் எரிகிற பல்பு வழியாகப் பேஸ் திரும்பிவந்து, எர்த் என்று நம்பிய ஒவ்வொரு உலோகத்திலும் ஏறிவிடும். எர்த் இல்லாத நிலையைவிட அது மோசம். இடி மின்னல் நேரத்தில் வடத்தையும் ஏரியல் கம்பியையும் இரண்டையும் கழற்றி வையுங்கள். செட்டிலிருந்தே கழலும் இன்லெட் இருப்பதன் இன்னொரு வசதி இது.

பேட்டரி செட்டுகள்

மின்கம்பி எட்டாத ஊர்களில் ரேடியோ பாடியது பேட்டரியில். டி.கே. 96, டி.எஃப். 96, டி.ஏ.எஃப். 96, டி.எல். 96 என்ற நான்கு வால்வு செட்டுக்கு 90 வோல்ட் ஒன்றும் 1.5 வோல்ட் ஒன்றும் வேண்டும். இரண்டையும் சேர்த்த பேட்டரிப் பெட்டி இன்று கிடைக்காது. 9 வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகக் கோத்தால் 90 வோல்ட், பெரிய பேட்டரிக்கட்டை ஒன்று 1.5 வோல்ட் தரும். ஆபத்து இணைப்பில்தான் இருக்கிறது. பழைய பிளக்கின் பின்கள் வெவ்வேறு பருமனில் இருந்தது 90 வோல்ட் தவறி இழைக்குப் போகக் கூடாது என்பதற்காக. புதிதாக வைக்கும்போது இரண்டுக்கும் ஒரே மாதிரி சாக்கெட் வைத்தால், இருட்டில் ஒருமுறை மாற்றிச் செருகியதும் நான்கு இழையும் ஒரு கணத்தில் போய்விடும். ஒன்றில் மற்றது எந்த வகையிலும் நுழையாத இரண்டு வெவ்வேறு வகை இணைப்புகளை வையுங்கள்.

டிரான்சிஸ்டர் ரேடியோவில் சிக்கல் வேறு. பி.என்.பி. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய செட்டுகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் சேஸி. அடாப்டர் துளையின் நடுப்பின் நெகட்டிவ். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பின் பாசிட்டிவ். துளை பொருந்துகிறதே என்று செருகினால் செட்டு திரும்ப எழாது. சாக்கெட்டுக்குப் பின்னால் வரிசையில் ஒரு டயோடு வைத்தால் தலைகீழாக வந்த கரண்ட் உள்ளே போகாது. சாதாரண டயோடு முக்கால் வோல்ட் வரை தின்றுவிடும், ஷாட்கி வகை அதில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கும்.

பழமை கெடுமா?

கடைசி ஆட்சேபம் சேகரிப்பவர்களுடையது, மரியாதையோடு கேட்கவேண்டியது. செய்தவன் கை வைத்த இடத்தில் இன்னொருவன் கை வைத்தால் பழமையின் மதிப்புப் போகும் என்பது அவர்கள் வாதம். ஓடாமல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கப்போகும் செட்டுக்கு அது முற்றிலும் பொருந்தும். அதன் இணைப்பைத் தொடாதீர்கள், வடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் மலையில் இருக்கும் செட்டுகள் பாடுவதற்காக இருப்பவை. அவற்றின் முதுகில் இன்று இருப்பது பெரும்பாலும் முதல் இணைப்பும் கிடையாது. இடையில் யாரோ வெட்டி ஒட்டியதும், இன்சுலேஷன் டேப் சுற்றியதும்தான். மேலும் சேஸியை வெட்டுவதைத் தவிர, இங்கே சொன்ன வழிகளில் எதுவுமே பழைய நிலைக்குத் திருப்ப முடியாததாக இல்லை. தகட்டைக் கழற்றினால் பழைய துளை அப்படியே இருக்கும். சேஸியை வெட்டுவதை மட்டும் கடைசிக் கட்டாயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகவே வேலையின் கடைசிப் படியாக இரண்டு காரியம். கழற்றிய பழைய இன்லெட்டையும் அதன் திருகுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, வெப்பம் படாத மூலையில் பெட்டிக்குள்ளேயே கட்டிவையுங்கள். பின் அட்டையின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, மாற்றிய தேதி, எத்தனை வோல்ட்டில் வைத்திருக்கிறது, சேஸிக்கு எர்த் உண்டா இல்லையா, எந்த வயர் பேஸ், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று தெளிவான தமிழில் எழுதுங்கள். பழைய இணைப்பு வடிவத்தால் சொன்னதை இனி அந்தத் தாள் எழுத்தால் சொல்லும். இருபது வருடம் கழித்து இந்தச் செட்டைத் திறக்கப்போகிறவர் நமக்கு முன்பின் தெரியாதவராக இருக்கலாம். அவர் கை சேஸியில் படும் முன் கண் அந்தத் தாளில் படும்படி ஒட்டுங்கள்.